ஊர் எது என்று கேட்டார்கள்

சிவமயம்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
21-1-1960

என் அன்பு மாமா அவர்களுக்கு,

மருமகள் அருந்ததி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். தலைமன்னார்க் கடற்காற்று உங்கள் இருமலுக்கு ஆகாது என்று மாமி எழுதியிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு இருமல் என்றால் ரெயில் காத்து நிற்குமா என்று அப்பா பகிடியாகக் கேட்டார். ஆனாலும் நீங்கள் கொத்தமல்லிக் குடிநீரை விடாமல் குடிக்கவேண்டும்.

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய தமிழ் அகராதி பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்த அன்றே முதற்பக்கத்தில் தொடங்கிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "அது கதைப்புத்தகம் இல்லை மோளே, தேவையான நேரம் எடுத்துப் பாக்கிறது" என்றார். தேவை எப்போது வரும் என்று தெரியாதபடியால் முதலே வாசித்து வைப்பது நல்லது என்று சொன்னேன். இப்போது "இ"யில் நிற்கிறேன்.

நெல் இந்தமுறை நல்ல கதிர். பன்றிக் காவலுக்கு அப்பா வயற்கொட்டிலில்தான் படுக்கை. மாசி நடுவில் வெட்டுத் தொடங்கலாம்.

இனி எழுதப்போவது நீங்கள் கேட்க விரும்பாத விஷயம். உங்கள் கடிதங்களில் எங்கள் மாட்டைக்கூடச் சுகம் கேட்கிறீர்கள், சின்னம்மாவைக் கேட்பதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் பெரிய காரியம் ஒன்று நடக்கும்போது அதை மறைத்து நெல்லையும் மழையையும் மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

சின்னம்மா அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் அங்கேயே கொழுந்துச் சாக்குத் தூக்கி அங்கேயே செத்தவர். அப்படியிருந்தும் சட்டப்படி சின்னம்மா இலங்கைப் பிரசை இல்லையாம். இரணைமடு அணைக்கட்டு வேலைக்கு வந்த அவருடைய அண்ணர் போன வருஷம் இந்தியாவுக்குப் போய்விட்டார். உங்கள் ஸ்டேஷனில் இறங்கித்தான் அவர் கப்பலேறியிருப்பார். சின்னம்மாவிடம் இருப்பது இங்கே கொஞ்சக் காலம் இருக்கலாம் என்ற அனுமதி மட்டும். அது வருகிற ஆனி மாதத்தோடு முடிகிறது. அப்பா பிரசை. அப்பாவின் பிள்ளை என்பதால் தம்பியும் பிரசை. தம்பியைப் பெற்றவரைத்தான் அனுப்பலாமாம்.

பிரசையின் மனைவி என்ற முறையில் தன்னைப் பதியவேண்டும் என்று சின்னம்மா போன வருஷமே விண்ணப்பித்திருந்தார். இப்போது விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி கிளிநொச்சிக்கு வந்து விசாரிப்பாராம். அதற்காக நான் ஒவ்வொரு பின்னேரமும் சின்னம்மாவுக்குப் பாடம் நடத்துகிறேன். கையெழுத்து வைக்கப் பழக்கிவிட்டேன். "ழ"வுக்கு மட்டும் வால் நீண்டு பக்கத்து எழுத்தை இடிக்கிறது. கலியாணப் பதிவு நடந்த திகதி, தம்பி பிறந்த திகதி, எங்கள் காணியின் இலக்கம் எல்லாம் தட்டாமல் சொல்கிறார்.

பக்கத்துக் காணிக் கமலாசனி மாமி வந்து தன் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். "ஆமாங்க எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும் அழகம்மா. ஓம் எண்டு சொல்லும். ஆமாங்க எண்டால் நேரே கப்பல்தான்" என்றார். சின்னம்மாவும் முயன்று பார்த்தார். "ஓமுங்க" என்றுதான் வந்தது. மாமி சிரித்ததில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. அன்றிலிருந்து தம்பி எதைக் கேட்டாலும் "ஓமுங்க" என்று கத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடுகிறான். அப்பாதான், "அவ தன்ரை வாயாலை வாறதைச் சொல்லட்டும், விடுங்கோ" என்றார்.

இதற்கு நீங்கள் பதில் எழுதவேண்டும் என்று கேட்கவில்லை. வாசித்தால் போதும்.

தங்கள் நலம் வேண்டும் மருமகள்,
இ. அருந்ததி

சிவமயம்

வட்டக்கச்சி.
19-2-1960

என் அன்பு மாமா அவர்களுக்கு,

வணக்கம். முன்கடிதம் கிடைத்திருக்கும். இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் மறிப்பார். அதனால் எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவரிடம் சொல்லப்போகிறேன்.

விசாரணை செவ்வாய்க்கிழமை நடந்தது. நெல் வெட்டை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு நால்வரும் போனோம். என்னையும் தம்பியையும் உள்ளே விடவில்லை. விறாந்தையில் யன்னலோரம் இருந்தோம். அதிகாரி தமிழர்தான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவராம். கோபக்காரர் இல்லை. சின்னம்மாவுக்குக் கதிரை போடச் சொன்னார். சின்னம்மா அதில் இருக்காமல் நின்றுகொண்டார்.

நான் சொல்லிக்கொடுத்த கேள்விகள் எல்லாம் வந்தன. சின்னம்மா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். யன்னலுக்கு வெளியே நான் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சாதாரணமாக, "உம்முடைய ஊர் எது?" என்று கேட்டார்.

"துறையூர்ப் பக்கம் கொல்லம்பட்டிங்க" என்றார் சின்னம்மா.

அதிகாரி எழுதிக்கொண்டே, "அங்கே உம்முடைய ஆட்கள் இருக்கிறார்களோ?" என்று கேட்டார். அண்ணன் போயிருக்காருங்க என்று பதில். "ஊருக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டார். அதற்குச் சின்னம்மா, "ஒரு தடவையாச்சும் பாக்கணுங்க. எங்கப்பா சாகுற வரைக்கும் அந்த ஊரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாருங்க" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுதியதைக் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டினார். விண்ணப்பகாரர் இந்தியாவையே தமது சொந்த இடமாகக் கருதுகிறார், அங்கே திரும்பிப்போகும் எண்ணம் உள்ளவர் என்று இருந்தது. அப்பா எழும்பி ஏதோ சொல்லப் போனார். "உம்முடைய மனைவி சொன்னதைத்தானே எழுதியிருக்கிறேன்" என்றார் அதிகாரி. அது உண்மைதான் மாமா. அதுதான் பொல்லாதது.

பஸ்ஸால் வாய்க்கால் பாலத்தடியில் இறங்கி நடக்கும்போது அப்பா, "வட்டக்கச்சி எண்டு சொல்லியிருக்கலாமே அழகம்மா" என்றார். சின்னம்மா அப்படியே நின்றுவிட்டார். "இருக்கிற எடத்தைக் கேக்கலீங்களே. ஊரைத்தானே கேட்டாரு" என்றார். தான் தவறாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு விளங்கவே இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தானாம். லயத்து வரிசை வீட்டில் பிறந்து அங்கேயே சாகிற பிள்ளையிடம் கேட்டாலும் பாட்டனார் விட்டுவந்த கிராமத்தின் பெயரைத்தான் சொல்லுமாம். அவர்களுக்குத் தோட்டம் என்பது வேலை செய்யும் இடம். ஊர் என்பது கப்பலுக்கு அப்பால் இருப்பது. சின்னம்மா அந்தக் கொல்லம்பட்டியைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே பஸ் போகுமா, குளம் இருக்கிறதா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும் பாப்பா" என்கிறார்.

வீட்டுக்கு வந்து அகராதியில் "ஊர்" என்ற சொல்லைப் பார்த்தேன். நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. கிராமம், நகரம், குடியிருப்பு, சந்திரனைச் சுற்றித் தோன்றும் வட்டம் என்றெல்லாம் இருக்கிறது. இந்தக் கருத்து இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். கமலாசனி மாமி "ஊருக்குப் போட்டு வாறன்" என்றால் அது உரும்பிராய். எங்கள் தலைமை வாத்தியார் தவணை முடிய "ஊருக்கு" என்று பெட்டி கட்டினால் அது காரைநகர். அப்பா எட்டு வருஷமாக இந்த மண்ணை வெட்டுகிறார், மாம்பழம் ஒன்று வந்தாலும் "ஊரிலை இருந்து வந்தது" என்று மணந்து பார்க்கிறார். அரசாங்கக் காணி கிடைத்து எல்லோரும் வந்த இந்தக் குடியேற்றத்தில் ஒருவரும் வட்டக்கச்சியை ஊர் என்று சொல்வதில்லை. நான்கூடப் பள்ளியில் ஊர் கேட்டால் புலோலி என்கிறேன். அதிகாரி எங்கள் ஒருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வாய்க்கால் கரையில் இருக்கிற அத்தனை பேரையும் எங்கேயாவது அனுப்பவேண்டி வந்திருக்கும்.

இதை எங்கள் பகுதித் தலைமைக்காரரான மயில்வாகனம் விதானையாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லாய்ச் சிரித்துவிட்டு, "பிள்ளை, உன்ரை நியாயம் சரி. ஆனால் நியாயத்துக்குக் கதிரை போடமாட்டாங்கள், ஆளுக்குத்தான் போடுவாங்கள்" என்றார். அதிகாரி அடுத்த மாதக் கடைசியில் இன்னொரு தவணை தந்திருக்கிறார். சின்னம்மா இங்கேயே நிலையாகக் குடும்பம் நடத்துகிறவர், கடுதாசிக்காகச் செய்த கலியாணம் இல்லை என்று, குடும்பத்தை அறிந்த மதிப்பான ஒருவர் வந்து சொல்லவேண்டும். தான் வருவதாக விதானையார் சொன்னார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. "முதல் பெண்சாதியின்ரை தமையன் வந்து சொன்னால் அதுக்கு மேலை சாட்சி இல்லை. இவைக்காகப் பொய் சொல்ல அந்த மனுசனுக்கு என்ன தேவை இருக்கு?" என்றார். அப்பாவிடமும் அதையே சொல்லியிருக்கிறார். அப்பா, "அவரைக் கேக்க எனக்கு முகம் இல்லை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்கு முகம் இல்லாவிட்டால் எனக்கு இருக்கிறது. அதனால் நான் கேட்கிறேன்.

அம்மாவைக் காட்டுக்குக் கூட்டிவந்து காய்ச்சலுக்குக் கொடுத்தவர் என்று அப்பா மீது உங்களுக்கு உள்ள கோபத்தை நான் அறிவேன். என் தங்கச்சி சமைத்துப் புழங்கின குசினியில் தோட்டக்காட்டாளா என்று நீங்கள் கேட்டுவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தை விடுங்கள் என்று எழுத எனக்கு வயது காணாது. உண்மை எது என்று மட்டும் எழுதுகிறேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் வாசிப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் சின்னம்மா ஒருவர்தான். அவர் நெல் புடைக்கும்போது நான் பூமிசாத்திரம் வாசிப்பேன். கொழுந்து பறிப்பது பெண்களுக்கு ஏற்ற இலகுவான தொழில் என்று ஒரு பாடத்தில் வந்தது. சின்னம்மா சுளகை வைத்துவிட்டு, "இத எழுதுனவரு கூடை தூக்கிப் பாக்கலை போல பாப்பா" என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். வாத்தியார் கேட்டாலும் அழிக்கமாட்டேன்.

அம்மாவின் திவசத்துக்கு ஒவ்வொரு வருஷமும் நினைவூட்டுவது அப்பா அல்ல, சின்னம்மா.

மாமா, உங்களைப் பொய் சொல்ல வரச் சொல்லவில்லை. சின்னம்மாவைப் புகழவும் வேண்டாம். என் மருமகளை வளர்க்கிற ஆள் இவர்தான் என்று சொன்னால் போதும். பங்குனி 30ஆம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி. மதவாச்சியில் ரெயில் மாறி வந்தால் விடியவே கிளிநொச்சியில் இறங்கலாம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எதிர்பார்த்திருக்கும் மருமகள்,
அருந்ததி

சிவமயம்

வட்டக்கச்சி.
24-4-1960

என் அன்பு மாமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பத்திரமாகத் தலைமன்னார் போய்ச் சேர்ந்ததாக மாமி எழுதியிருந்தார். புதுவருஷ வாழ்த்தும் கிடைத்தது.

போன கிழமை விதானையார் சைக்கிளில் வந்து, படலைக்கு வெளியே நின்றே மணி அடித்தார். கொழும்பிலிருந்து கடிதம். சின்னம்மாவின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சத்தியப்பிரமாணம் எடுத்ததும் பதிவார்களாம். அப்பா கடிதத்தை என்னிடம் தந்து இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவர் கனநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

சத்தியப்பிரமாணத்துக்கு மட்டும் இன்னும் திகதி வரவில்லை. ஆனி முடிவதற்கு முன்னர் அது நடந்தாகவேண்டும். அதனால் நானே ஒரு விண்ணப்பம் எழுதி, சின்னம்மாவின் கையெழுத்தோடு இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். "ழ" இப்போது தன் இடத்துக்குள் நிற்கிறது. பதில் வராவிட்டால் வைகாசி முதலாம் கிழமை இன்னொன்று எழுதுவேன். அதற்கும் வராவிட்டால் அப்பாவைக் கொழும்புக்கே அனுப்புவேன். அப்பா, "இவள் ஆரைக் கொண்டு பிறந்தவள்?" என்று கேட்கிறார். உங்களைத்தான் என்று கமலாசனி மாமி சொல்கிறார்.

விசாரணையன்று உள்ளே நீங்கள் சொன்னது முழுவதையும் விறாந்தையிலிருந்து கேட்டேன். இந்தப் பெண் ஊருக்குப் போக விருப்பம் என்று சொல்லியிருக்கிறாள், அதற்கு என்ன சொல்கிறீர் என்று அதிகாரி கேட்டார். "ஐயா, நானும் இருவது வரியமாய் ஊருக்குப் போகவேணும் எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறன். அதுக்காக என்னை வேலையாலை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய ஊர் நல்லூர் என்றும், அங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்றும் அவரே சொன்னார். அகராதியில் தேடியும் எனக்குக் கிடைக்காததை நீங்கள் ஒரு பகிடியில் சொல்லிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. "தலைமன்னாரிலை ஆக்களை நான்தான் கப்பலுக்கு இறக்கி விடுறனான். ஊருக்குப் போற சனம் சிரிச்சுக்கொண்டு போனதை நான் இன்னும் காணேல்லை" என்றீர்கள். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. சின்னம்மா தன் அண்ணரை நினைத்திருப்பார். தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னுமொன்று. இலக்கணம் படிப்பதால் சின்ன எழுத்துகள் என் காதில் விழுந்துவிடுகின்றன. முன்பெல்லாம் நீங்கள் சின்னம்மாவைப் பற்றிப் பேசினால் "அவள்" என்பீர்கள். அன்று அதிகாரியிடம், "அவ இந்தப் பிள்ளையைப் பாக்கிறா, அவவுக்கு இதுதான் வீடு" என்றீர்கள். எங்கள் பேச்சில் "அவள்" தாழ்த்திச் சொல்வது, "அவ" மரியாதை. அதிகாரி இரண்டையும் ஒரேமாதிரித்தான் எழுதியிருப்பார். எனக்கு அப்படி இல்லை.

ஆனால் மாமா, ஸ்டேஷனில் சின்னம்மா நீட்டிய சோற்றுப் பொதியை நீங்கள் வாங்கவில்லை. "சாப்பிட்டிட்டன்" என்றீர்கள். முதல்நாள் இரவு வெளிக்கிட்டு, மதவாச்சியில் காத்திருந்து, விடிய வந்து இறங்கியவர், கந்தோரில் விசாரணை முடியும்வரை எங்கள் கண்முன்னால்தான் இருந்தீர்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரெயில் போன பிறகு சின்னம்மா, "மாமாவுக்கு அலுப்புப் போல பாப்பா. ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு வந்திருக்காருல்ல" என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பொதியை அவர் தானே பிரித்துச் சாப்பிட்டார். வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது சின்னம்மா சத்தியப்பிரமாண வாசகத்தைப் பாடமாக்குகிறார். விதானையார் எழுதித் தந்ததை நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் உமி கொழிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் திருப்பிச் சொல்கிறார். தம்பி அவருக்கு முந்திச் சொல்லி முடித்துவிடுகிறான். முந்தாநாள் பாதியில் நிறுத்தி, "இதச் சொன்னதுக்கப்புறம் எங்கப்பா ஊரைப் பத்திப் பேசக்கூடாதா பாப்பா?" என்று கேட்டார். பேசலாம் சின்னம்மா, இந்த வாய்க்காலில் எல்லோரும் அதைத்தானே பேசுகிறார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

மாமா, சத்தியப்பிரமாணத்துக்குச் சாட்சி தேவையில்லை. விதானையாரிடம் இரண்டுதரம் கேட்டு உறுதிசெய்துவிட்டேன். சின்னம்மா தனியே நின்று சொன்னால் போதும். ஆகவே கந்தோருக்காக உங்களை நான் அழைக்கவில்லை. அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டியதை நீங்கள் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வாருங்கள். திகதி தெரிந்தவுடன் தந்தி அடிக்கிறேன். மாமியும் வந்தால் நல்லது. ஸ்டேஷனுக்கு அப்பா வண்டி கொண்டு வருவார். நீங்கள் போன கோபத்தில் கொளுக்கி கழன்ற படலையை அவர் புதிதாகக் கட்டியிருக்கிறார். அம்மாவின் படத்துக்குப் பூப் போட்டிருப்போம். மத்தியானம் எல்லோருமாகச் சாப்பிடுவோம்.

சமைப்பது சின்னம்மாதான். அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

தங்கள் மருமகள்,
அருந்ததி